கை வைத்த வண்டி

தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவரைத் தெருவில் எல்லோரும் மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் சிக்கிய மெஷின், கரகரவென்று கத்தும் மெஷின், புருஷன் மேல் உள்ள கோபத்தில் கீழே தள்ளப்பட்ட மெஷின் என்று முப்பது வருஷமாய் எத்தனையோ அவர் மேஜைக்கு வந்திருக்கின்றன. எதையும் ஓட வைக்காமல் அவர் திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு வியாழக்கிழமை காலையில் தன் சொந்தக் காரின் பாட்டரியைத் தானே மாற்றினார். அதுதான் அவர் செய்த குற்றம். திருட்டு, அடிதடி என்று ஏதாவது செய்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டார். அதற்கெல்லாம் வக்கீல் கிடைப்பார்.

அந்தக் காரே அவருடைய அக்காவுக்காகத்தான் இருந்தது. படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அக்காவின் வலது இடுப்பு மடங்குவதில்லை. தடி ஊன்றி நடப்பார், உயரமான நாற்காலியில் சாய்ந்தாற்போல் உட்காருவார். பஸ் படி ஏறுவதும் சாதாரணக் காரில் குனிந்து நுழைவதும் முடியாத காரியம். அத்தானுக்கோ நினைவு போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மணி நேரத் தூரத்தில், நினைவு தவறியவர்களுக்கான இல்லத்தில் இருக்கிறார். அவரைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனபிறகு, அக்கா தம்பி வீட்டின் முன்னறைக்குக் குடி வந்துவிட்டார்.

இல்லத்து நர்ஸம்மா முதல் மாதமே சொல்லிவிட்டார்: "அவருக்கு ஞாபகம் ஒரு வாரம்தான் தாங்குதும்மா. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வண்டியில வாங்க. ஒரு வாரம் தப்பினா சமாளிக்கலாம். ரெண்டு மூணு வாரம் விட்டுட்டா அப்புறம் எங்களைக் கேக்காதீங்க."

மெஷின்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பக்கத்து சலூன்காரர் தூக்கிப் போட வைத்திருந்த பழைய நாற்காலியின் அடிப்பாகத்தை வாங்கினார். காரின் முன் இருக்கையைக் கழற்றிவிட்டு, பத்தொன்பது நாள் வேலை செய்து, அந்த இடத்தில் நீல ரெக்ஸின் போட்ட ஒரு இருக்கையைப் பொருத்தினார். நெம்புகோலை அழுத்தினால் அது உயரும், கதவுப் பக்கம் திரும்பும், வெளியே நீளும். அக்கா நின்றபடியே அதில் சாய்ந்துகொள்ளலாம். பிறகு இருக்கையே அவரை உள்ளே கொண்டு போய்விடும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இல்லத்து வாசலில் கார் நிற்கும். இருக்கை வெளியே திரும்பும். கேட்டோரம் காத்திருக்கும் அத்தான், "வந்துட்டியா," என்பார். அவ்வளவுதான் பேச்சு. பெயர் தெரியாது, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று தெரியாது. ஆனால் இவள் தன்னைச் சேர்ந்தவள் என்று மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக அக்கா வியாழக்கிழமையே பச்சைச் சால்வையைத் துவைத்துக் காயப்போடுவார். இடையில் ஒரு முறை ஆம்புலன்ஸில் போய்ப் பார்த்தார்கள். அத்தான் அதைக் கண்டு பயந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். போனில் பேசினால், யாரோ பேசறாங்க என்று நர்ஸம்மாவிடம் கொடுத்துவிடுவார். கார்தான் ஒரே வழி.

அந்தக் காரின் பாட்டரிதான் செத்துப்போனது. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்தில் விலை கேட்டார். அந்தக் காசுக்கு மூன்று தையல் மெஷின் புதிதாகவே வாங்கலாம். கடைத்தெருவில் அதே பாட்டரி, அதே கம்பெனி, கால்வாசி விலை. வாங்கி வந்து கால் மணி நேரத்தில் மாட்டினார். திருகை இறுக்கிக் கையைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் வந்தது: 'புதிய பாட்டரி அறிமுகம் செய்து வைக்கப்படவில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தை அணுகவும்.'

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு தயாராக நின்றார். வண்டியை இழுத்துப் போக வேறொரு வண்டிதான் வந்தது.

சேவை நிலையம் முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. கார் ரிப்பேர் பார்க்கும் இடம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு சுத்தியல் சத்தம் இல்லை. காவலாளி அவர் செருப்பின் மேல் நீல நிறத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார். இதமான வாசனை வீசியது. சோபாக்களில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் கார் எங்கேயோ உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சேவை ஆலோசகர் என்று சட்டையில் எழுதியிருந்த இளைஞர் எழுந்து நின்று கைகுலுக்கினார். திரையில் எதையோ பார்த்ததும் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சார், இது கை வைத்த வண்டின்னு வருதே," என்றார் தாழ்ந்த குரலில்.

"நான்தான் கை வெச்சேன். பாட்டரி மாத்தினேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. புது பாட்டரிய வண்டிக்கு முறைப்படி அறிமுகம் செஞ்சு வைக்கணும். இல்லன்னா வண்டி அத ஏத்துக்காது."

"ரெண்டும் நேத்திலேர்ந்து ஒரே பானட்டுக்குள்ளதானே இருக்கு. இன்னுமா அறிமுகம் ஆகல?"

ஆலோசகர் சிரிக்கவில்லை. பயிற்சியில் அந்த இடம் வரவில்லை போலும். "அறிமுகம் ரெண்டு நிமிஷ வேலைதான் சார். ஆனா கை வைத்த வண்டிக்கு நடைமுறை வேற. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு மட்டும்தான் அந்தக் கேஸ் எல்லாம் எடுப்போம்."

மெஷின்காரர் அக்காவைப் பற்றிச் சொன்னார், அத்தானைப் பற்றிச் சொன்னார், நர்ஸம்மா சொன்னதையும் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். ஆலோசகர் கவனமாய்க் கேட்டுக்கொண்டு, திரையில் 'வாடிக்கையாளரின் உணர்ச்சி' என்ற கட்டத்துக்கு வந்தார். அதில் இரண்டே தேர்வுகள் இருந்தன: மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி. ஆலோசகர் நேர்மையானவர். மகிழ்ச்சி என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் உங்களுக்கு மாற்று வண்டி தர்றோம் சார். புது மாடல், பாத்தீங்கன்னா ரொம்பத் தாழ்வா இருக்கும்."

"குனிஞ்சு ஏறணுமா?"

"ஆமா சார். அதுதான் அதோட அழகே."

மாற்று வண்டி வேண்டாம் என்றார் மெஷின்காரர். பதினோரு பக்கப் படிவம் ஒன்று வந்தது. இங்க, இங்க, அப்புறம் இங்க என்று ஆலோசகர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். படித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று உண்மையிலேயே வியந்தார். வண்டி சீக்கிரம் கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் மெஷின்காரர் பதினோரு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை விசாரணை. படிவத்தில் 'அங்கீகாரமற்ற மெக்கானிக்கின் பெயர், முகவரி' என்ற இடத்தில் அவர் தன்னுடையதையே எழுதியிருந்தார். அதற்கு அடுத்து, ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர் அந்த மெக்கானிக் மேல் புகார் தர வேண்டும் என்று இருந்தது. புகார் இல்லாமல் கோப்பு நகராது என்றார்கள். அவர் தன் மேல் தானே நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

விசாரணை அறையில் மெத்தை வைத்த ஒரு நாற்காலியும் ஒரு மர முக்காலியும் இருந்தன. தர அதிகாரி என்ற அம்மாள் அவரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சொல்லுங்க சார், தைரியமா சொல்லுங்க. அந்த ஆள் உங்கள என்ன சொல்லி ஏமாத்தினான்?"

"ஏமாத்தல மேடம். விலை குறைச்சலா இருக்கும்னு தோணுச்சு."

"பாவம்," என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "இப்ப அந்தப் பக்கம் போங்க."

மெஷின்காரர் எழுந்து முக்காலிக்குப் போனார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

"ஏம்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? விவரம் தெரியாத ஒரு மனுஷன் வண்டில கை வெச்சிருக்கியே. எத்தனை வருஷமா இந்த வேலை பண்ற?"

"முப்பது வருஷமா."

"அப்ப முப்பது வருஷமா எத்தனை பேரை ஏமாத்தியிருப்ப?"

"மேடம், மெஷினெல்லாம் நல்லா ஓடிச்சு."

"ஓடறது வேற, முறைப்படி ஓடறது வேற," என்றார் அதிகாரி.

அவர் கண்கலங்கியதை அதிகாரி குற்ற உணர்ச்சி என்று பதிவு செய்தார். மெஷின்காரர் நினைத்தது மணி பத்தரை ஆகிவிட்டதே என்பதுதான். அத்தான் கேட்டோரம் நின்றுகொண்டிருப்பார். தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. மெக்கானிக் இனி ஆயுளுக்கும் அந்த வாடிக்கையாளரின் வண்டிக்குப் பத்தடி தூரத்துக்குள் வரக் கூடாது. வாடிக்கையாளருக்கு ஆறுதல் கடிதமும் மெக்கானிக்குக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பப்படும். இரண்டும் ஒரே உறையில் வந்தன, கம்பெனிக்குத் தபால் செலவு மிச்சம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அக்கா முதலில் சிரித்தார்.

"பாட்டரிக்கும் வண்டிக்கும் அறிமுகம் பண்ணி வைக்க இத்தன வாரமா? எனக்கும் உங்க அத்தானுக்கும் அரை மணி நேரத்துல பேசி முடிச்சாங்க."

பிறகு அவர் சிரிக்கவில்லை. "நர்ஸம்மா போன் பண்ணாங்கடா. பன்னெண்டு மணி வரைக்கும் கேட் பக்கத்துலயே நின்னாராம். சாப்பிடக் கூப்பிட்டதுக்கு, வருவாங்கன்னு சொன்னாராம். யாருன்னு கேட்டாங்களாம். தெரியல, ஆனா வருவாங்கன்னாராம்."

மெஷின்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டரியை மட்டும் அங்கேயே வாங்கித் தொலைத்திருக்கலாம் என்று அன்றைக்கு ஆயிரம் தடவை நினைத்தார். கை சும்மா இருக்காமல் போனதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வாகன ஒழுக்க வகுப்பு. கை வைத்த வண்டிக்காரர்கள் ஏழு பேர் அதில் இருந்தார்கள். துடைப்பான் ரப்பர் மாற்றிய ஒரு வாத்தியார், பல்பு மாற்றிய ஒரு பல் டாக்டர், டயருக்குத் தானே காற்று அடித்துக்கொண்ட ஒரு பெண்மணி. காற்று அடித்தவர் அடிக்கடி அழுதார். நிலையத்தின் மேலாளரே வந்து பாடம் நடத்தினார். நல்ல உயரம், நல்ல குரல், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"எங்களுக்கு வாடிக்கையாளர் கடவுள் மாதிரி," என்று ஆரம்பித்தார் மேலாளர். "அதனாலதான் சொல்றேன், கடவுள் கையில ஸ்பானர் இருக்கக் கூடாது. ஒரு வண்டி கெட்டுப்போனா எங்களுக்கு வருத்தமே இல்ல, மனசத் தொட்டுச் சொல்றேன். அது வெளியில எங்கயோ சரியாயிடுதே, அதத்தான் எங்களால தாங்க முடியல. நீங்க காசு குடுத்து வாங்கினது வண்டி. அத நம்பறதுக்குத் தனியா வருஷா வருஷம் எங்ககிட்ட வரணும். உங்க வண்டி ஏன் நிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுட்டா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

பல் டாக்டர் கை தூக்கினார். "பல்பு மட்டும்தான் சார் மாத்தினேன்."

"இன்னிக்கு பல்பு," என்றார் மேலாளர். "நாளைக்கு யாராவது அவங்க பல்ல அவங்களே பிடுங்கிக்கிட்டா நீங்க எங்க போவீங்க?"

பல் டாக்டர் யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தில் நியாயம் புரிந்ததன் கலவரம் தெரிந்தது. அன்றைக்கு முழுதாகத் திருந்தியவர் அவர் ஒருவர்தான்.

வகுப்பு முடிந்ததும் மெஷின்காரர் மேலாளரிடம் தனியாகப் போய் நின்றார். "சார், மூணு வாரம் போயிடுச்சு. அடுத்த வாரமாவது வண்டி வேணும். எங்க அக்காவ அவர் மறந்துடுவார்."

மேலாளர் அவர் தோளில் கை போட்டார். "உங்க வலி எனக்குப் புரியுது. அடுத்த வெள்ளிக்கிழமை உங்க வண்டி தயாரா இருக்கும். சும்மா தயார் இல்ல, பிறந்த நிலையில இருக்கும். ஒரு பைசா கூடுதலா வாங்க மாட்டோம்."

பிறந்த நிலை என்றால் என்ன என்று மெஷின்காரர் கேட்கவில்லை. பைசா வாங்க மாட்டோம் என்று அந்தக் கட்டடத்துக்குள் கேட்டதும் மனிதர் அசந்துபோய்விட்டார்.

நாலாவது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்க் காத்திருந்தார். வண்டியை வாங்கினால் எட்டரைக்கு வீட்டில் இருக்கலாம், அக்காவை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு இல்லத்தில் இருக்கலாம். கணக்கு சரிதான். ஆனால் ஒன்பதேகாலுக்கு ஒழிப்பு விழா என்றார்கள். வாடிக்கையாளர் கலந்துகொள்ளாமல் சாவி தர முடியாதாம். பின்கட்டில் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு பெரிய நசுக்கும் இயந்திரம் இருந்தது. அதன் தட்டில் வாரம் முழுக்கக் கழற்றிய அங்கீகாரமற்ற பொருள்களைக் குவித்து, கம்பெனிக் கொடியால் மூடியிருந்தார்கள். கல்யாண வீடு போல ஒரு பூங்கொத்து கூட இருந்தது.

"இன்னிக்கு பொத்தான அமுக்கற கௌரவம் நம்ம சாருக்கு," என்றார் மேலாளர். "தன் தப்பத் தானே ஒத்துக்கிட்ட மனுஷர்."

எல்லோரும் கைதட்டினார்கள். துடைப்பான் ரப்பர், பல்பு, அப்புறம் தன் கால்விலைப் பாட்டரி, போகட்டும் என்று நினைத்தார். சீக்கிரம் முடிந்தால் சரி என்று பச்சைப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் மெதுவாக இறங்கிற்று. ஏதோ இரும்பு முனகியது. அந்த முனகலை அவருக்குத் தெரியும் போல இருந்தது, ஆனால் கொடி மூடியிருந்ததால் எதுவென்று தெரியவில்லை. பிறகு புகைப்படத்துக்காகக் கொடியை எடுத்தார்கள். அடியில் நீல ரெக்ஸின் தெரிந்தது.

அவர் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். சலூன் நாற்காலியின் அடிப்பாகம் தட்டையாகப் போயிருந்தது. நெம்புகோலின் பிடியில் அக்காவின் கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அவர் சுற்றியிருந்த துணி மட்டும் அப்படியே இருந்தது.

"இது எங்க அக்காவோட இருக்கை," என்றார்.

"ஏழாவது பக்கம் சார்," என்றார் ஆலோசகர் மெதுவாக. அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பயப்படாதீங்க, புது இருக்கை போட்டாச்சு," என்றார் மேலாளர். "அசல். இலவசம். சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

அந்தப் புகைப்படம் இன்றைக்கும் அந்த வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. அதில் அவர் சிரிக்கிறார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

வண்டி நிஜமாகவே பிறந்த நிலையில் இருந்தது. கழுவி, மெருகேற்றி, கண்ணாடியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். நிலையத்தில் மாட்டிய புதுப் பாட்டரி வண்டிக்கு முறைப்படி அறிமுகம் செய்து வைக்கப்பட்டதற்குச் சான்றிதழ் தந்தார்கள். வீட்டு வாசலில் அக்கா பச்சைச் சால்வையோடு நின்றிருந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்தார். தாழ்வான, அழகான, தோல் மெத்தை வைத்த இருக்கை. அக்கா தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை வலியில் அவர் முகம் வெளிறிவிட்டது.

"விடுடா," என்றார் மூச்சு வாங்க. "அடுத்த வாரம் பாப்போம்." தம்பியைத் தேற்றும் குரலில்தான் சொன்னார். மெஷின்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். சலூன்காரரிடம் வேறு நாற்காலி இல்லை. ஒரு பெரிய தையல் மெஷினின் இரும்புக் காலை அறுத்து, கடைசல் பட்டறையில் பேரிங் கடைந்து வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாம். கடையை அடைத்துவிட்டு இரவு பகல் பார்க்காமல் உழைத்தும் ஐந்தாவது வெள்ளிக்கிழமை போய்விட்டது. அன்று மத்தியானம் அவர் காருக்குள் மல்லாந்து படுத்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது சேவை நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் சார் குடுப்பீங்க?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சார், ஒன்பது குடுத்தாக்கூட சிஸ்டத்துல பூஜ்யம்னுதான் எடுத்துக்கும். எனக்கு இந்த மாசம் ரெண்டு பூஜ்யம் ஆயிடுச்சு," என்றாள் அந்தப் பெண்.

"பத்துன்னு போட்டுக்கம்மா," என்றார் மெஷின்காரர்.

ஆறாவது வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு இல்லத்து வாசலில் கார் நின்றது. கேட்டோரம் யாரும் இல்லை. நர்ஸம்மா வெளியே வந்து, மூன்று வாரம் அத்தான் தவறாமல் அங்கே நின்றார் என்றும், நாலாவது வாரம் கூப்பிட்டதற்கு எதுக்கு என்று கேட்டார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அத்தான் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டு, தலையை வழித்துச் சீவியிருந்தார். நல்ல ஆரோக்கியமாய்த்தான் இருந்தார்.

மெஷின்காரர் நெம்புகோலை அழுத்தினார். புது இருக்கை கொஞ்சம் சத்தம் போட்டாலும் நன்றாகவே திரும்பியது. அக்கா வெளியே வந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, அவர் முகத்தையே பார்த்தார். அத்தானும் பார்த்தார். யாரோ வயதான பெண்மணி சிரமப்பட்டு இறங்குகிறாரே என்று இரண்டடி முன்னால் வந்தார்.

"பாத்து இறங்குங்க," என்றார் அன்பாக. "தனியாவா வந்தீங்க? உங்க வீட்டுக்காரர் வரலையா?"

அக்கா தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"வண்டி ரிப்பேர்ல இருக்கு," என்றார் பிறகு. "வந்துடுவார்."

"அதுக்கென்ன, மெதுவா வரட்டும்," என்றார் அத்தான். நிழலில் கிடந்த பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, அதன் ஓரத்தில் அக்காவுக்கு இடம் காட்டினார். "அவர் வர்ற வரைக்கும் நான் உங்ககூட இருக்கேன்."